குடும்பத்தோடு பனியேரியில்: கூடாரம் தரும் தொல்லையைக் கொண்டு தேர்வுப் பிழையை அறிதல்

உறைந்த ஏரியில் துளையிட்டு மீன்பிடிக்கக் குடும்பத்தோடு போய்த் திரும்பியவர்கள் கூடாரத்தைப் பற்றிச் சொல்லும் குறைகளைக் கேட்டால், அவற்றுள் மிகச் சிலவே பொருளின் பழுதால் வந்தவை என்பது விளங்கும். துளைக்குத் துளை தனியாக நகரும் மீனவருக்கென்று வடிவமைத்த கூடாரத்தை, குழந்தைகளோடு நாள் முழுக்க ஓரிடத்தில் அமர்வதற்காக வாங்கியிருப்பார்கள். அல்லது பெட்டியின்மேல் அச்சிட்ட ஆள் எண்ணிக்கையை அப்படியே நம்பியிருப்பார்கள். ஆகவே இங்கே தொல்லையிலிருந்து தொடங்கிக் காரணத்துக்குப் போவோம். ஒவ்வோர் அறிகுறிக்கும் ஏரியிலேயே அப்போதைக்குச் செய்யத்தக்கது முதலிலும், கூடாரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது அதன் பின்னும் வரும். இன்னும் எதையும் வாங்காதவர்களுக்கு இரண்டாவதே போதும்.

எடுத்துச் செல்லத்தக்க கூடாரங்களில் பெரும்பாலும் இரண்டு வகைகளையே காண்கிறோம். ஃபிளிப்-ஓவர் வகையில் பிளாஸ்டிக் சறுக்குவண்டியே தளம். இருக்கைகள் அதிலேயே பொருத்தப்பட்டிருக்கும். பின்னால் மடிந்து கிடக்கும் சட்டமும் துணியும் தலைக்கு மேலாகப் புரண்டு முன்னால் விழுந்து மூடிக்கொள்ளும். 1980களில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து மீனவர் டேவ் ஜென்ஸ் பரவலாக்கிய வடிவம் இது. மீன் கடிக்காத துளையில் காத்திருக்காமல் மீனைத் தேடி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைதான் அந்தக் கூடாரம். ஹப் வகையிலோ ஒவ்வொரு சுவரிலும் கூரையிலும் ஃபைபர் கிளாஸ் கம்பிகள் நடுவே ஒரு குமிழில் கூடியிருக்கும். குமிழை வெளிப்புறமாக இழுத்தால் சுவர் விறைத்து நிற்கும். அதற்குத் தளம் கிடையாது, இருக்கையும் கிடையாது, ஆனால் உள்ளே நடமாட இடம் உண்டு. ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் மட்டும் போவதானால் ஃபிளிப்-ஓவர் நன்றாகவே பயன்படும். மூவருக்கு மேல் போவதானால் ஹப் வகையைத்தான் பரிந்துரைப்பேன்.

கீழே முதல் இரண்டு அறிகுறிகள் உயிரைப் பற்றியவை என்பதால் முன்னே நிற்கின்றன. மற்றவற்றை எந்த வரிசையிலும் படிக்கலாம்.

தலைவலி, குமட்டல், காரணமில்லாத தூக்கம்

உள்ளே ஹீட்டர் எரியும்போது ஒருவருக்குத் தலை வலித்தாலோ, குமட்டினாலோ, குழந்தை வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து சாய்ந்தாலோ, வேறு காரணம் தேடாமல் அதைக் கார்பன் மோனாக்சைடு நச்சு என்றே கொள்ள வேண்டும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயுவை நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட நாட்டத்தோடு பற்றிக்கொள்கிறது. குழந்தைகள் வேகமாக மூச்சுவிடுவதால் அவர்களை அது முன்னதாகவே தாக்குகிறது. எல்லோரும் உடனே வெளியே வர வேண்டும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே இருப்பது போதாது. பாதிப்புக்கு உள்ளானவர் குழந்தையாகவோ கர்ப்பிணியாகவோ இருந்தால், வெளிக்காற்றில் தெளிந்துவிட்டதுபோல் தோன்றினாலும் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இதற்குக் காரணம் அநேகமாக நல்லெண்ணத்தில் செய்த ஒரு வேலையாக இருக்கும். குழந்தைக்குக் குளிரக்கூடாதென்று சுவரின் அடித்துணியைச் சுற்றி நான்கு பக்கமும் பனியை அள்ளி அடைத்து, மேலேயுள்ள காற்றுத்துளைகளையும் மூடியிருப்பார்கள். புரோபேன் சுடர் எரிய எரிய உள்ளிருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. ஆக்சிஜன் குறைந்ததும் சுடர் அரைகுறையாக எரியத் தொடங்கி நச்சு வாயுவை வெளியிடுகிறது. மேலே ஒரு துளையும் கீழே ஒரு திறப்பும் எப்போதும் திறந்திருந்தால்தான் காற்று ஓடும். எனவே காற்று வீசாத பக்கத்தில் ஒரு கை அகலத்துக்கு அடித்துணியைப் பனியால் மூடாமல் விட வேண்டும்.

ஹீட்டரிலேயே பாதுகாப்பு உணரி இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆக்சிஜன் அளவு தாழ்ந்தால் சுடரை அணைப்பது அதன் வேலை. கார்பன் மோனாக்சைடை அது அளப்பதில்லை. பேட்டரியில் இயங்கும் தனி எச்சரிக்கைக் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். வீட்டுச் சுவருக்கென்று செய்த கருவிகள் உறைநிலைக்குக் கீழே வேலை செய்யுமென்று எண்ணிவிடக் கூடாது. அவற்றின் வெப்பநிலை வரம்பைக் குறிப்பேட்டில் பார்த்துவிட்டு, தேவையானால் படகுகளுக்கும் பயண வண்டிகளுக்கும் உரியதை வாங்குவது நல்லது. ஹீட்டரை எரியவிட்டு உறங்குவதற்கு எந்தக் கூடாரமும் ஏற்றதன்று.

தேர்ந்தெடுக்கும்போது, எதிரெதிர்ச் சுவர்களில் உயரமாக இரண்டு காற்றுத்துளைகளாவது இருக்கின்றனவா, அவற்றைத் திறந்த நிலையில் தாங்கி நிறுத்தச் சிறு குச்சி தைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குச்சி இல்லாத துளை பனி படிந்ததும் தானாகவே மூடிக்கொள்ளும். இரண்டு கதவுகள் வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹீட்டர் கவிழ்ந்து ஒரு கதவின் அருகே தீப்பிடித்தால் குழந்தைகளை வெளியேற்ற மற்றொரு வழி இருக்க வேண்டும். தீ பரவாமல் தடுக்கும் பூச்சுள்ள துணி என்று எழுதியிருப்பதற்குத் துணி எரியவே எரியாது என்று பொருளில்லை.

துளையிலிருந்து நீர் மேலேறித் தரையில் பரவுதல்

இதைக் கூடாரத்தின் குறையாக எண்ணி மேட் விரிப்பவர்கள் உண்டு. பனிக்கட்டி நீரைவிட ஏறத்தாழ 8 சதவீதமே லேசானது; ஆகையால் 25 செ.மீ. தடிப்புள்ள தட்டில் சுமார் 2 செ.மீ. மட்டுமே நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும். மேலே கனத்த பனிப்பொழிவு சேர்ந்தாலோ, ஆட்களும் வண்டியும் சாமான்களும் ஒரே இடத்தில் கூடினாலோ தட்டு கீழ்நோக்கி வளைந்து, துளை வழியாக நீர் ஏறுகிறது. முதலில் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, குழந்தைகளை வெளியே அனுப்ப வேண்டும்; நீர் தொடர்ந்து ஏறினால் இடத்தையே மாற்ற வேண்டும்.

மினசோட்டா மாநில இயற்கை வளத் துறையின் வழிகாட்டுதலின்படி, தெளிந்த புதிய பனிக்கட்டியின்மேல் நடந்து போகக் குறைந்தது 4 அங்குலத் தடிப்பு வேண்டும், அதாவது சுமார் 10 செ.மீ.; பனியில் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைலுக்கு 5 முதல் 7 அங்குலம் வேண்டும். பனி கலந்து உறைந்த வெள்ளைக் கட்டியின் வலிமை தெளிந்த கட்டியில் பாதிதான் என்பதால், அங்கே தடிப்பு இரட்டிப்பாக இருக்க வேண்டும். போகும் வழியெங்கும் துளையிட்டு அளந்துகொண்டே போக வேண்டும்; கரையோரத்தில் ஒருமுறை அளந்தது ஏரி முழுவதற்கும் செல்லாது. ஒரு குடும்பமே கூடாரமடித்து ஓரிடத்தில் மணிக்கணக்கில் அமர்வதற்கு, நடந்து கடப்பவருக்குரிய குறைந்த அளவை நான் ஏற்கமாட்டேன்.

கூரையிலிருந்து நீர் சொட்டுதல், சுவரில் உறைபனி படிதல்

குறை சொல்பவர்கள் கூடாரம் ஒழுகுகிறது என்பார்கள். உறைநிலைக்குக் கீழே வெளியே மழை ஏது? நீர் உள்ளேயே பிறக்கிறது. ஒரு கிலோ புரோபேன் முழுமையாக எரியும்போது ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி உண்டாகும். 450 கிராம் கொள்ளும் சிறு சிலிண்டர் ஒன்று தீர்ந்தால், முக்கால் லிட்டருக்குச் சற்றே குறைவான நீரைக் கூடாரத்துக்குள் கொட்டியதற்கு ஒப்பாகும். நால்வரின் மூச்சும் ஈரக் காலுறைகளும் கொதிக்கும் கெண்டியும் இதோடு சேர்கின்றன. இவ்வளவு ஆவியும் குளிர்ந்த ஒற்றைத் துணியைத் தொட்டதும் துளியாகிறது. ஹீட்டரைத் தணித்ததும் அதுவே உறைந்து, மறுபடி சூடேறும்போது எல்லோர் தலையிலும் சொட்டுகிறது.

காற்றுத்துளைகளை இன்னும் சற்று அகலத் திறப்பதே உடனடி மருந்து. வெப்பம் போய்விடுமே என்று தயங்க வேண்டியதில்லை. ஈரமான சூட்டைவிட உலர்ந்த குளிரில் குழந்தைகள் அதிக நேரம் தாக்குப்பிடிப்பார்கள், ஏனெனில் உடை நனைந்தால் அதன் காப்புத்தன்மை குறைந்துவிடும். கெண்டியை வெளியே கொதிக்க வைக்கலாம். உலர வைக்கும் துணிகளைக் கூரையடியில் தொங்கவிடும் பழக்கத்தையும் விட்டுவிடலாம்.

தேர்வில் பார்க்க வேண்டியது, துணிக்கு நடுவே காப்புப் பஞ்சு வைத்துத் தைத்த வகையா, ஒற்றைத் துணியா என்பதுதான். காப்புள்ள சுவரின் உட்புறம் அவ்வளவு குளிர்வதில்லை, ஆகவே சொட்டுவது வெகுவாகக் குறையும், எரிபொருளும் மிஞ்சும். எடை கூடும் என்பது அதற்குரிய விலை. டெனியர் எண்ணைப் பார்த்து வெப்பக்காப்பை மதிப்பிடுபவர்களும் இருக்கிறார்கள். 300 என்றும் 600 என்றும் குறிக்கப்படும் அந்த எண் நூலின் பருமனைச் சொல்வது, கிழியாத உறுதியைப் பற்றிக் குறிப்புத் தருவது. கதகதப்பைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

நால்வர் கூடாரத்தில் நால்வர் அமர முடியவில்லை

உற்பத்தியாளர்கள் ஆள் எண்ணிக்கையைக் கணக்கிடும்போது தோளோடு தோள் உரச ஆட்களை அடுக்கிவிடுகிறார்கள் என்றே கொள்ள வேண்டும். ஹீட்டர், அதைச் சுற்றி விட வேண்டிய வெற்றிடம், துளைகள், பைகள், எழுந்து எழுந்து உட்காரும் ஐந்து வயதுக் குழந்தை ஆகிய எவையும் அந்தக் கணக்கில் இல்லை. அடித்தளம் 1.8 மீட்டருக்கு 1.8 மீட்டர் என்றால் பரப்பு 3.24 சதுர மீட்டர். ஹீட்டருக்கும் அதன் முன்னுள்ள வெற்றிடத்துக்குமாக ஒரு மூலையில் ஒரு சதுர மீட்டரை ஒதுக்கிவிட்டால், மிஞ்சியதில் இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் அமரலாம். யாராவது வெளியே போக வேண்டுமென்றால் மற்ற இருவரும் எழுந்து நிற்க வேண்டும்.

இதைவிட நுட்பமான ஏமாற்றம் ஒன்று உண்டு. ஹப் கூடாரத்தின் சுவர் நடுவில் வெளிப்புறமாகப் புடைத்திருப்பதால், எதிரெதிர்க் குமிழ்களுக்கு இடையிலான அளவு தரையளவைவிடப் பெரியது. விவரப் பட்டியலில் அந்தப் பெரிய அளவு தடித்த எழுத்தில் இருக்கும். தோள் உயரத்தில் கிடைக்கும் அந்த இடம் பயனற்றதன்று. ஆனால் நாற்காலியின் கால்கள் தரையில்தான் ஊன்றும். தரையளவைத் தேடிப் படித்துவிட்டு, வீட்டுத் தரையில் அதே அளவுக்கு ஒட்டுநாடாவால் சதுரம் போட்டு, நாற்காலிகளையும் ஹீட்டருக்குப் பதிலாக ஒரு பெட்டியையும் வைத்து, குடும்பமே உள்ளே அமர்ந்து பார்த்துவிட்டால் வாங்கிய பின் வருந்த வேண்டியிராது. பொதுவாக, உங்கள் எண்ணிக்கையோடு 2 கூட்டி அந்த எண்ணுக்குரியதை வாங்கலாம்.

அதற்காக அளவில்லாமல் பெரிதாகப் போவதும் சரியன்று. பெரிய அறையைச் சூடேற்றுவது கடினம், சில இடங்களில் சட்டமும் குறுக்கிடும். கனடாவின் ஒன்டாரியோவில் பனிமீன்பிடிக் கூடாரத்தை அரசிடம் பதிவு செய்ய வேண்டிய பகுதிகளில், தரைப்பரப்பு 7 சதுர மீட்டருக்கு மேற்படாத துணிக் கூடாரங்களுக்குப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. 2.6 மீட்டருக்கு 2.6 மீட்டர் என்ற அளவு அந்த வரம்புக்குள் அடங்கும். நால்வருக்குத் தாராளமாகவும் இருக்கும்.

காற்றில் சுவர் உள்வாங்குதல், கூடாரம் நகர்தல்

காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்கிறது. 2 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள சுவரில் மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்று மோதினால், ஏறக்குறைய 25 கிலோ எடைக்குச் சமமான விசை அதைத் தள்ளும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகி 100 கிலோவை எட்டும். வழுக்கும் பனிக்கட்டியின்மேல் 15 கிலோ கூடாரம் எப்படி நிற்கும்? பனிக்கட்டியில் திருகிப் பதிக்கும் ஆங்கர் இல்லாமல் ஹப் கூடாரத்தை விரிப்பவர் ஏரியின் மறுகரைவரை அதைத் துரத்திக்கொண்டு ஓட நேரிடும். தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

விரிப்பதற்கு முன்பே, காற்று வரும் பக்கத்து மூலையைத் திருகு ஆங்கரால் பனிக்கட்டியில் பிணைத்துவிட வேண்டும். அதன் பிறகே குமிழ்களை இழுக்க வேண்டும். கதவுகளில் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு இழுத்தால் உள்ளே காற்று புகுந்து சுவர் எளிதாக விறைக்கும். நின்ற பின் மற்ற மூலைகள், அதன் பின் சுவர்க் குமிழ்களிலிருந்து இழுகயிறுகள். ஆங்கரைக் கூடாரத்துக்கு எதிர்ப்புறமாகச் சற்றுச் சாய்த்துத் திருக வேண்டும். கடினமான கட்டியில் ஆங்கர் ஏற மறுத்தால், கையால் போராடாமல் பேட்டரி டிரில்லில் சிறு துளையிட்டுக்கொள்ளலாம். சுவர் ஒரேயடியாக உள்வாங்கிவிட்டால், குமிழை உள்ளிருந்து தள்ளுவதைவிட வெளியே போய் அதன் பட்டையைப் பிடித்து இழுப்பதே கம்பிக்கு நல்லது. குளிரில் ஃபைபர் கிளாஸ் பட்டென்று முறியும், முறிந்த முனையின் சிலாம்பு கையுறை இல்லாத விரலில் ஏறிவிடும்; மாற்றுக் கம்பி ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

தேர்வில், பையோடு எத்தனை ஆங்கர்கள் தருகிறார்கள் என்று எண்ண வேண்டும். நான்கு மட்டுமே தந்தால் இன்னும் நான்கை வாங்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு சுவர்க் குமிழிலும் கயிறு கட்டும் வளையம் தைக்கப்பட்டிருக்க வேண்டும். அடித்துணி அகலமாக இருந்தால் அதன்மேல் பனியைக் குவித்து எடை ஏற்றலாம். முன்பு சொன்ன காற்றுவழியை மட்டும் விட்டுவிட்டுக் குவிக்க வேண்டும்.

இங்கே ஃபிளிப்-ஓவர் முந்துகிறது. அதன் வண்டியும் அமர்ந்திருப்பவர்களின் எடையுமே அதை நிறுத்திவைக்கும். ஒருவரே ஒரு நிமிடத்துக்குள் விரித்துவிடலாம். காற்று ஓயாத திறந்தவெளி ஏரிக்குத் தனியொருவராகக் குழந்தையை அழைத்துப் போகிறவர் ஹப் கூடாரத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

தலை வேர்க்கிறது, கால் விறைக்கிறது

வெப்பக் காற்று கூரையடியில் தேங்கிவிடும்; பனிக்கட்டியை ஒட்டிய காற்று உறைநிலையிலேயே இருக்கும். நின்றிருக்கும் அப்பாவுக்குக் கூடாரம் சூடாக இருக்கும்போது, அவர் முழங்கால் உயரத்தில் விளையாடும் குழந்தை நடுங்கிக்கொண்டிருப்பது இதனால்தான். உள்ளே போதுமான சூடு இருக்கிறதா என்பதைக் குழந்தையின் உயரத்தில் கையை வைத்துப் பார்க்க வேண்டும். கூரையில் ஒரு சிறு பேட்டரி விசிறியைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டால் வேறுபாடு குறையும். ஹீட்டரைக் கூட்டுவதால் தலைதான் இன்னும் வேர்க்கும். தரையில் ஒன்றோடொன்று பிணையும் ஃபோம் மேட்களை விரித்து, ஹீட்டரின் முன்புறத்திலிருந்து அவற்றைத் தள்ளிவைக்க வேண்டும். கூடாரத்தோடு தளவிரிப்பும் விற்கிறார்கள் என்றால், துளைகளுக்கான திறப்புகள் எங்கே வெட்டப்பட்டிருக்கின்றன என்று பார்த்து வாங்க வேண்டும். நடுவில் திறப்பு வைத்த விரிப்பு குழந்தைகளுக்கு உகந்ததன்று.

குழந்தையின் கால் துளைக்குள் இறங்கிவிடுதல்

பரவலாகப் பயன்படும் ஆகர்கள் 15, 20, 25 செ.மீ. விட்டமுள்ள துளைகளை இடுகின்றன. இவற்றில் குழந்தை முழுதாக விழுவது அரிது. ஆனால் கால் தொடைவரை இறங்கும், காலணி நிறைய நீர் ஏறும், அன்றைய மீன்பிடிப்பு அதோடு முடிந்தது. உடனே உலர்ந்த உடை மாற்ற வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு முழு மாற்றுடுப்பு தனிப் பையில் இருக்கட்டும். பயன்படுத்தாத துளைகளை மூடிவைக்க வேண்டும். துளைகளைச் சுவரோரமாக ஒரே வரிசையில் இட்டு, கதவுக்கும் ஹீட்டருக்கும் இடையிலான நடைவழியை வெறுமையாக விட்டால் இந்த விபத்து பெரும்பாலும் நேராது. துளைகளை இப்படித் தள்ளிவைப்பதற்கு இடம் தரும் கூடாரமா என்பதே தேர்வுக் கேள்வி. ஃபிளிப்-ஓவரில் துளைகள் காலடிக்கு நேர் முன்னே அமைந்துவிடும். வேறு வழி கிடையாது.

இருட்டுக்கு அஞ்சுதல்

உட்புறம் கறுப்பாக இருப்பது குறையன்று. இருண்ட கூடாரத்தில்தான் துளை வழியாக நீருக்குள் மீன் நடமாடுவது தெரியும். அந்தக் காட்சியை ஒருமுறை கண்ட குழந்தை ஜன்னலைத் திறக்கச் சொல்லாது. அதுவரை, மறைப்பை வெல்க்ரோவால் ஒட்டி எடுக்கக்கூடிய ஜன்னல்கள் குறைந்தது இரண்டு இருந்தால் போதும். தெளிந்த பிளாஸ்டிக் ஜன்னல் கடுங்குளிரில் மடித்தால் விரிசல் விடும். சுருட்டிக் கட்டுவதற்கு முன் உள்ளேயே சற்று நேரம் இளக விட வேண்டும்.

ஜிப் நகரவில்லை, அடித்துணி பனியோடு உறைந்துவிட்டது

இரண்டுக்கும் மூலம் ஈரமே. உறைந்த ஜிப்பை இழுத்தால் பல் பெயரும். உள்ளங்கையில் பொத்தி இளக்கிவிட்டு நகர்த்த வேண்டும், வீட்டிலேயே மெழுகு தேய்த்து வர வேண்டும். அடித்துணியின்மேல் உலர்ந்த பனியை மட்டும் குவிக்க வேண்டும். துளையிலிருந்து வாரிய நீர்கலந்த சேற்றுப்பனியைக் குவித்தால் அது சிமென்ட்டாக இறுகிவிடும். இறுகியதை மண்வெட்டியின் தட்டைப் பக்கத்தால் மெல்லத் தட்டித் தளர்த்த வேண்டும். கதவின் ஜிப் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் கையுறையோடு இழுக்கத்தக்கதா என்பதைக் கடையிலேயே சோதித்துவிடலாம். உள்ளே மாட்டிக்கொண்ட குழந்தையால் திறக்க முடியாத கதவு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

கரையிலிருந்து இழுத்துச் செல்ல முடியவில்லை

நால்வருக்குரிய காப்புள்ள ஹப் கூடாரம் 15 கிலோவை ஒட்டியிருக்கும். இருவருக்குரிய காப்புள்ள ஃபிளிப்-ஓவர் 45 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. ஸ்னோமொபைல் இல்லாமல் ஆழ்ந்த பனியில் பின்னதை இழுப்பது ஒருவரால் ஆகாது, அதுவும் களைத்த குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு. ஆனால் ஹப் கூடாரத்துக்குத் தனியாகச் சறுக்குவண்டி வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். ஹீட்டர், சிலிண்டர், ஆகர், நாற்காலி, மேட், உடுப்புப் பை ஆகியவற்றையும் ஏற்றி நிறுத்துப் பார்த்த மொத்த எடையைக் கொண்டுதான் ஒப்பிட வேண்டும்.

அடுத்த முறை விரிக்கும்போது நாற்றம்

ஈரத்தோடு சுருட்டிவைத்த துணியில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. வீடு திரும்பிய அன்றே கூடாரத்தை விரித்தோ தொங்கவிட்டோ முழுதும் உலர்த்த வேண்டும். காப்புப் பஞ்சுள்ள சுவர் உலர ஒற்றைத் துணியைவிட அதிக நேரம் எடுக்கும். வீட்டில் அதற்கு இடமில்லாதவர்கள் பெரிய காப்புக் கூடாரத்தை வாங்குவதற்கு முன், அதை எங்கே விரித்து உலர்த்துவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.